இரண்டாவது கேமரா எதை அளக்கும்?

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், விரல் இடமும் வலமும் தாவும். கையை மடக்கிக் கிட்டே கொண்டுவந்தால் இன்னும் அதிகமாகத் தாவும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தூரத்தை அளப்பதும் இப்படித்தான், கண்களுக்குப் பதில் அதன் நெற்றியில் இரண்டு ஜன்னல்கள்.

பெரிய ஜன்னல் வழியாக நாம் காட்சியைப் பார்க்கிறோம். சின்ன ஜன்னலில் நுழையும் ஒளி உள்ளே திரும்பி, அந்தக் காட்சியின் நடுவில் ஒரு சிறு கட்டமாக வந்து விழுகிறது. லென்ஸைத் திருப்பினால் அதன் பின்விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு குட்டிச் சக்கரத்தைத் தள்ளும், அதோடு கட்டத்துக்குள் தெரியும் பிம்பமும் நகரும். எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தான் இரண்டாகத் தெரிந்தது ஒன்றாகச் சேர்கிறதா, அங்கேதான் ஃபோகஸ்.

சரி, படம் எடுக்கும் வேலைக்குப் போகும் ஒருவர் பேக்அப்பாக இரண்டாவது பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, வாங்குகிறார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான். அதை வியூஃபைண்டரின், அதாவது நாம் பார்க்கும் பெரிய ஜன்னலின், உருப்பெருக்கத்தால் பெருக்கினால் அந்தக் கேமரா எவ்வளவு நுணுக்கமாக அளக்கும் என்று தெரிந்துவிடும், எண் பெரிதானால் நுணுக்கமும் அதிகம். 1984-இல் வந்த லைகா எம்6-இல் இடைவெளி 69.25 மி.மீ., உருப்பெருக்கம் 0.72, ஆக சுமார் 50 மி.மீ. அதே லென்ஸ்களை மாட்டிக்கொள்ளும் ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர்2-இல் இடைவெளி 37 மி.மீ.தான், கணக்கு 26-ஐ ஒட்டி நிற்கும். 1973-இன் குட்டி லைகா சிஎல்-இல் 19 கூட முழுதாக வராது.

இதனால் பெஸ்ஸா மட்டம் என்று ஆகிவிடாது. ஒன்றரை மீட்டரில் நிற்பவரை 35 மி.மீ. லென்ஸில் எஃப்/2 வைத்து, அதாவது லென்ஸின் திறப்பை நன்றாக அகலமாக்கி, எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 20 செ.மீ.க்கு மேல், சின்னப் பிழையை அதுவே விழுங்கிவிடும். 90 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/2 என்றால் 3 செ.மீ.தான் மிஞ்சும், மூக்கு தெளிவாக வந்து கண் மங்கிப்போக அது போதும். அதனால் 90 எப்போதும் எம்6-இலேயே இருக்கட்டும், பெஸ்ஸாவுக்கு 35-ஐக் கொடுங்கள். காசு இருந்தால் இரண்டாவதும் எம்6 என்பதுதான் என் ஆசை, விரல்கள் புதிதாக எதையும் பழக வேண்டாம் பாருங்கள். இல்லையென்றால் ஆர்2 தாராளமாகப் போதும். பெஸ்ஸாவிலேயே ஆர்2ஏ, ஆர்3ஏ இரண்டையும் பேக்அப்புக்கு நான் சொல்ல மாட்டேன், பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே அடிக்காது. ஆர்2-இல் பேட்டரி போனால் ஒளிமானி மட்டும்தான் போகும், படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

பழைய பாடி வாங்கும்போது லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் டவரைப் பாருங்கள். இரண்டு டவராகத் தெரிந்தால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி இறங்கித் தெரிந்தாலும் அப்படித்தான். லைகாவில் ஷட்டர் திரை துணி, முன்னால் மிர்ரர் எதுவும் மறைக்காததால் லென்ஸ் வெயிலைப் பார்த்தபடி கிடந்தால் அதில் ஓட்டை விழும், டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டரில் நடுவரியைக் குறிவைத்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, முழுதாகத் திறந்து எடுங்கள். கழுவி வந்த படத்தில் எந்த வரி தெளிவாக இருக்கிறதோ, அங்கேதான் உங்கள் கேமரா உண்மையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பிலிம் ரோல் செலவானால் ஆகட்டும்.