கரையேறிய கையோடு கொடுத்த ரத்தம்

மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு ராமேசுவரத்திலிருந்து போகும் விசைப்படகு ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். அதில் போன நாற்பது வயதுக்காரர் ஒருவர் மீனை இறக்கிப் போட்டுவிட்டு, சீனி தூக்கலாக ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணி எட்டரை. ரிப்போர்ட்டில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 238 என்று வருகிறது. இயல்பின் கீழ் எல்லை 264 என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. கொஞ்ச நாளாக உடம்பு அசதி, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இது போதாதா, ஊசி போட்டுவிடலாமா?

போடக் கூடாது. அந்த 238 உண்மையா என்பதே இன்னும் தெரியாது.

டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறி, விழிக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகலில் இறங்கும் சரக்கு. "காலை ஏழிலிருந்து பத்துக்குள் எடுங்கள்" என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள், இரவு தூங்கி எழுந்த காலை என்பதுதான். இரவெல்லாம் கண்விழித்தவருக்குக் கடிகாரம் எட்டரை காட்டினாலும் உடம்புக்கு அது காலை இல்லை. 2011-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் விழுந்தது. தூக்கத்தில் மூச்சுத் திணறிக் குறட்டை விடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அடுத்தது டீயும் வடையும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய கால்வாசி சரிகிறது, இரண்டு மணி நேரமாவது அப்படியே கிடக்கிறது. ஒரு டீயில் அவ்வளவு சீனி கிடையாது என்றாலும் பரிசோதனையில் அந்தச் சந்தேகம் எதற்கு? வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு என்று எதுவும் வந்து போயிருந்தால் முழுதாகத் தேறிச் சில வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். நோயில் படுத்த உடம்பு முதலில் மூடி வைக்கும் கடைகளில் இதுவும் ஒன்று.

ஒரு தடவை குறைவாக வந்தால் கணக்கில் சேராது. வேறொரு நாள், அதே விதிகளோடு, முடிந்தால் அதே லேபில் இன்னொரு முறை. முதல் தடவை குறைவாக வந்தவர்களில் கணிசமானோருக்கு இரண்டாவது இயல்பாக வந்துவிடும். விசைப்படகுத் தொழிலாளிக்கு இதற்குத் தோதான காலம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தொழில் இல்லை என்ற கவலை ஒருபுறம் இருந்தாலும், ராத்திரித் தூக்கம் ஒழுங்காகக் கிடைக்கும். ஒன்றிரண்டு வாரம் அப்படித் தூங்கிய பிறகு கொடுக்கும் ரத்தம்தான் அவருடைய உண்மையான அளவைச் சொல்லும். அதுவரை பொறுக்க முடியாதவர் குறைந்தது இரண்டு மூன்று இரவு கடலுக்குப் போகாமல் தூங்கிவிட்டு வரலாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பல இயந்திரங்கள் பயோட்டினையே பசையாக வைத்துத்தான் ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்திலும் பயோட்டின் மிதந்தால் டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உயரத்துக்கு ஏறித் தெரியும், விதைக்கு வேலை ஏவும் எல்.எச். என்ற மூளை ஹார்மோன் பொய்யாகக் குறையும்.

ரிப்போர்ட்டின் அலகையும் பாருங்கள். 264 என்பது டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு. சில லேப்கள் மில்லிலிட்டர் கணக்கில் 2.38 என்று தரும், அதுவும் 238-தான். லிட்டருக்கு நானோமோல் கணக்கில் தந்தால் 28.8-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். எல்லைக்கோடும் எல்லோருக்கும் ஒன்றல்ல: அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 300 என்கிறது, அங்கேயே ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் 264 என்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 290, அந்தப் பக்கம் 310 என்றால் உடம்புக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எண்ணோடு அறிகுறியும் சேர வேண்டும். அசதி, இடுப்பு வலி, எரிச்சல் எல்லாம் சர்க்கரை நோயிலும் வரும், தைராய்டிலும் வரும், கடனிலும் வரும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டபோது, குறைந்த டெஸ்டோஸ்டிரோனோடு தெளிவாகச் சேர்ந்து வந்தவை மூன்றுதான்: விடியற்காலை விறைப்பு அருகிப்போவது, நாட்டம் குறைவது, விறைப்புக் குறைபாடு. மூன்றும் இருந்து, எண்ணும் குறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். லாட்ஜில் அறை போட்டு உட்கார்ந்து "ஆண்மைக் குறைவு" பார்க்கிறவர்களின் கணக்கு வேறு.

தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் இரண்டு சதவீதம்போலத்தான் தனியாகத் திரிகிறது. மீதி அல்புமின், எஸ்.எச்.பி.ஜி. என்ற இரண்டு புரதங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்புமின் லேசாகப் பிடிக்கும், எஸ்.எச்.பி.ஜி. இறுக்கிப் பிடிக்கும். உடல் பருமனில் எஸ்.எச்.பி.ஜி. குறைவதால் மொத்த அளவும் குறைந்து தெரியும், ஆனால் தனியாகத் திரிவது இயல்பாகவே இருக்கலாம். வயதிலும் ஈரல் நோயிலும் இதற்கு நேர்மாறு. ஆகவே எல்லைக்கோட்டை ஒட்டி வந்தால் எஸ்.எச்.பி.ஜி.யும் அல்புமினும் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாக அளக்கும் மலிவான கிட்டை நம்ப வேண்டாம்.

இரண்டு தடவையும் குறைவுதான் என்று உறுதியான பிறகு, எங்கே அடைப்பு என்று தேட வேண்டும். இதற்கு ஐஸ் கம்பெனியை நினைத்துக்கொள்ளலாம். விதைதான் ஐஸ் கம்பெனி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி ஆர்டர் கொடுக்கும் ஆள். ஆர்டர் சீட்டின் பெயர் எல்.எச். கரையில் ஐஸ் குறைந்தால் ஆர்டர் கூடும், நிறைந்தால் குறையும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். எகிறியிருந்தால் ஆர்டர் போகிறது, கம்பெனி ஓடவில்லை: விடலைப் பருவத்தில் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியது, அடிபட்டது, அல்லது பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது. இந்தக் கடைசி வகை ஆண்களில் அறுநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் உண்டு. சின்ன, கெட்டியான விதைகள்தான் அடையாளம், பலருக்கும் பிள்ளையில்லை என்று பரிசோதிக்கும்போதுதான் தெரியவரும்.

டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, எல்.எச்.சும் குறைவு அல்லது சும்மா 'இயல்பு' என்றால் ஆர்டரே போகவில்லை. அப்போது தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான, ஆண்களிடமும் இருக்கும் புரோலாக்டின் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எளிய கண்ணி இருக்கிறது. கேஸ் மாத்திரை என்று பெட்டிக்கடை மிட்டாய்போல விழுங்கப்படும் பான்டோபிரசோல் மாத்திரைகள் பலவற்றில் டாம்பெரிடானோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டும் புரோலாக்டினை ஏற்றும். ஏறிய புரோலாக்டின் எல்.எச்.சை அமுக்கும். மருத்துவரைக் கேட்டு அந்த மாத்திரையை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தாலே சிலருக்கு விஷயம் முடிந்துவிடும். நாள்பட்ட வலிக்கு டிரமடால், மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு, ஜிம்மில் போட்ட ஊசி எல்லாம் இதே வரிசைதான். டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே போனாலோ, புரோலாக்டின் இறங்காமல் நின்றாலோ, தலைவலியோடு பக்கப் பார்வை மங்கினாலோ பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

பருமனால் ஆர்டர் குறைந்தவர்களுக்கு முதல் மருந்து எடை குறைப்பு. எடை இறங்க இறங்க டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும். கடல் அட்டை, கடல் குதிரை என்று யாராவது ரகசியமாக நீட்டினால், அவை டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்பதற்குச் சான்று இல்லை. 2001 முதல் இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் வழக்கு வருவது மட்டும் நிச்சயம்.

சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு ஊசி, ஜெல், மாத்திரை மூன்றும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200, 250 மி.கி. போடும் பழைய ஊசி விலை குறைவு. ஆனால் முதல் சில நாள் அளவு எல்லைக்கு மேலே எகிறி, அடுத்த ஊசி நெருங்கும்போது தரைதட்டும். மனநிலையும் கூடவே ஏறி இறங்கும். இந்த வகை ஊசி சிலவற்றில் கடலை எண்ணெய் இருக்கும், நிலக்கடலை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் நிற்கும் டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் ஊசி 1000 மி.கி., 4 மில்லி விளக்கெண்ணெயில் கரைத்தது. முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. புட்டத்துத் தசையில், இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான்.

ஒரு சதவீத ஜெல் 5 கிராம் பையில் 50 மி.கி. மருந்து. தினமும் காலையில் தோளிலும் மேற்கையிலும் தடவி, காயவிட்டு, சட்டை போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடவிய இடம் படும்படி குழந்தையைத் தூக்கினால் மருந்து குழந்தைக்கும் போகும். பையின் குறிப்பைப் பொறுத்து 2 முதல் 6 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. விடிந்ததும் கடலில் இறங்கும் கீழக்கரைச் சங்கு குளிக்கும் ஆளுக்கு இது சரிப்படாது, ஊசிதான் தோது. மாத்திரை என்றால் எண்ணெய், கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேராது.

தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்திலும் பார்க்க வேண்டியவை டெஸ்டோஸ்டிரோன், ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு), நாற்பது தாண்டியவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் பரிசோதனை. இரு வார ஊசிக்காரர் இரண்டு ஊசிக்கு நடுவிலும், நீண்ட நாள் ஊசிக்காரர் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னும் ரத்தம் கொடுக்க வேண்டும். ஹெமட்டோக்ரிட் 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிவிட்டது, நிறுத்தியாக வேண்டும். வேர்த்து விறுவிறுத்து, தண்ணீர் குடிக்காமல் கரையேறியவருக்கு இது பொய்யாகவும் ஏறும். இருதயம் பற்றிய பயத்துக்கு 2023-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வு ஓரளவு பதில் சொன்னது: மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை, ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக் கட்டியும் திடீர் சிறுநீரகப் பாதிப்பும் சற்றுக் கூடின. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை இல்லை.

பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் இதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, குழந்தை தங்கவில்லை என்று "சத்து ஊசி" போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஐஸ் கம்பெனிக்கே திரும்புவோம். வெளியூர் லாரியில் ஐஸ் வந்து இறங்கினால் கரையில் ஐஸ் நிறைந்திருக்கும், ஆர்டர் நின்றுவிடும், கம்பெனி மூடிக்கொள்ளும். விந்தணு விளைவது கம்பெனிக்கு உள்ளே. அங்கே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு இருந்தால்தான் அது விளையும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது: ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு விந்தணு பூஜ்யம். ஊசியை நிறுத்தினால் பொதுவாக ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

ஆர்டர் போகாத வகைக் குறைவு உள்ளவருக்குக் குழந்தை வேண்டுமானால், மூளையைத் தூண்டி ஆர்டரைக் கூட்டும் குளோமிஃபீன் 25 மி.கி. தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ தரப்படுகிறது. பார்வை மங்கினால் நிறுத்த வேண்டும். அது போதாவிட்டால் எல்.எச்.சைப்போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசி வாரத்துக்கு இரண்டு மூன்று. கம்பெனியே கெட்டுப்போனவர்களுக்கு இரண்டும் உதவாது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். இரண்டு மாத லீவில் வந்தவர் இறங்கிய அன்றே மாத்திரை தொடங்கினாலும், பலன் தெரியத் தொடங்கும்போது அவர் திரும்ப விமானம் ஏறியிருப்பார். பரிசோதனையையும் மாத்திரையையும் லீவுக்கு மூன்று மாதம் முன்பே, இருக்கும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துத் தொடங்கிவிட்டு வர வேண்டும்.