ஏழாவது இலக்கம்

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 4 இலக்கங்கள் 0000 முதல் 4999 வரை இருந்தால் பெண், 5000 முதல் 9999 வரை இருந்தால் ஆண். ஆக, ஏழாவது இலக்கத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். இத்தனை வருடம் இந்த எண்ணை எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்தது டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த 16 வயதுப் பிள்ளை.

“என் ஏழாவது இலக்கம் தப்பு.”

முதல் அடையாள அட்டை கைக்கு வந்த வாரம் அது. பெண் என்று பதிவான பிள்ளை. ஐந்து வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, “முன்னே பஸ் நம்பர், இப்போ இது. நம்பர் கிறுக்கு, டாக்டர்” என்றார். (நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாடக் காரியங்களைச் சிரமமில்லாமல் செய்ய உதவும் சிகிச்சையாளர். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் இப்போது அப்படித்தான்.

அம்மா சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் என் பழைய தவறு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் வேறொரு பிள்ளை இதே போன்ற ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ‘ஒரே விஷயத்தில் அதீத ஆர்வம், நாளடைவில் குறையும்’ என்று அறிக்கையில் எழுதினேன். சில மாதங்களில் பிள்ளை அந்தப் பேச்சையே விட்டுவிட்டது. முன்னேற்றம் என்று அதையும் எழுதிவைத்தேன். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று பிள்ளை முடிவெடுத்திருந்தது. எனக்கு அது உறைக்க வருடங்கள் ஆயின.

ஆட்டிசத்துக்கும் பாலின அடையாளத்துக்கும் தொடர்பு உண்டா? புள்ளிவிவரத்தில் உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வருண் வாரியரும் குழுவினரும் 6,40,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகிறவர்களைவிடத் திருநரிடமும் பிற பாலின அடையாளத்தவரிடமும் ஆட்டிசம் ஏறத்தாழ 3 முதல் 6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் வெளிறிவிடும், “அப்போ ஆட்டிசம்தான் இப்படி ஆக்கிவிட்டதா?” என்பார்கள். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோர் திருநர் அல்லர், திருநரில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் இல்லை. காரணம் என்று பல ஊகங்கள் உண்டு. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கவலை இவர்களைக் குறைவாகவே கட்டிப்போடுகிறது, அதனால் மற்றவர்கள் மறைப்பதை இவர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. என் அறையில் நான் பார்ப்பதற்கு அது பொருந்துகிறது. ஆனால் என் அறை ஒன்றும் ஆய்வுக்கூடம் இல்லை.

நான் அதிக நேரம் செலவிடும் இடம் வேறு: பள்ளிச் சீருடை. ஒரு சிறுமி பாவாடை போட மாட்டேன் என்று தினமும் அழுதாள். இடுப்புத் தையலைத் தடவிப் பார்த்தேன், முள் மாதிரி குத்தியது. உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். அழுகை நின்றது, அவ்வளவுதான் விஷயம். ஏழாவது இலக்கத்துப் பிள்ளையிடமும் அதையே கேட்டேன். மெத்தென்ற துணியில் பாவாடை கிடைத்தால் போடுவாயா? என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்து, “அப்பவும் அது பாவாடைதானே?” என்றது.

மாதவிடாயிலும் இதே கேள்விதான்: உடலில் படுவது தொல்லையா, பாலினம் பொருந்தாததா? ஈரம், வாசனை, நாப்கினின் உரசல் ஆகியவற்றால் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. இந்த உடம்பில் இது நடக்கவே கூடாது என்று தவிக்கிறவர்கள் வேறு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். வெளியே தெரிவது ஒரே அழுகை. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் பதில் வராது, தன் உணர்வுக்குப் பெயர் வைப்பது பலருக்கும் கஷ்டம். அதனால் கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். இன்று எந்தப் பெயரில் கூப்பிட்டால் எரிச்சல் குறைவு? கண்ணாடியில் எந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டுகிறாய்? எழுதிக் காட்டலாம், வரைந்து காட்டலாம். பல மாதங்கள் ஆகும், ஆகட்டும்.

ஆட்டிசமும் பாலினத் தவிப்பும் சேர்ந்து வரும் பதின்ம வயதினருக்கான ஆரம்ப வழிகாட்டுதல்கள் 2018-இல் வந்தன. இரு துறையும் தெரிந்தவர்கள் கூடிப் பார்க்க வேண்டும், ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பாலினம் பற்றிய பேச்சைத் தள்ளிவிடக் கூடாது என்பது அவற்றின் சாரம். ஹார்மோன் சிகிச்சை தனிப் பேச்சு, அவசரமில்லாமல் மருத்துவக் குழுவோடு பேச வேண்டியது. பெயரும் உடையும் முடிவெட்டும் மருத்துவமே அல்ல, அவற்றுக்கு யாரும் மருந்துச்சீட்டு எழுத வேண்டாம். கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் திருநருக்கான கிளினிக் உண்டு. எங்கள் ஊரிலிருந்து சாலை வழி 1,600 கிலோமீட்டருக்கு மேல்.

அந்த வீட்டில் முதலில் அசைந்தது அவ்வா. (அந்த வீட்டில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) தைப்பூசக் காவடிக்குப் பிள்ளை மஞ்சள் சேலை கட்ட மாட்டேன், வேட்டிதான் என்றது. அப்பா கத்தினார். மேளச் சத்தத்துக்குக் காதடைப்பான் வாங்கிக்கொடுக்க அவருக்கு மறுப்பே இருந்ததில்லை, வேட்டி என்றதும்தான் மானம் போனது. அவ்வா, “வேட்டி கட்டட்டும். பால் செம்பைக் கீழே போடாம நடந்தா சரி” என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் ‘அவன்’ என்கிறார்கள். அப்பா இன்னும் பெயர் சொல்லாமல், “டேய் இங்கே வா” என்று சமாளிக்கிறார். அந்த ‘டேய்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

இலக்கத்தை மாற்ற வழி இருக்கிறதா என்று அவனே தேடி வைத்திருந்தான். 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் எண் சட்டம். பாலினப் பதிவை மாற்றலாம், ஆனால் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ நடந்ததற்கான மருத்துவ அறிக்கைகளைக் கேட்கும். அவனுக்கு இப்போது அது இல்லை, வேண்டுமா என்றும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அட்டை அம்மாவின் பீரோவில் இருக்கிறது. யாராவது எண்ணைக் கேட்டால் முதல் 6 இலக்கங்களை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். “பிறந்த தேதி சரிதான்” என்கிறான்.