படம் எடுத்துக்கொண்டே இருந்த சிறுமி

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வாரங்களில்தான் மறுமணத் தம்பதிகள் என் ஆலோசனை அறைக்கு அதிகம் வருகிறார்கள். "சுற்றுலா போகும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மேடம்" என்று தொடங்குவார்கள்.

அடையாளங்களை மாற்றி ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தத் தந்தை தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். கொடைக்கானல் ஏரிக்கரையில் அவரும், புது மனைவியும், அந்த அம்மாவின் 6 வயது மகனும் நின்றிருந்தார்கள். அவருடைய 11 வயது மகளைக் காணவில்லை. மூன்று நாள் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எதிலும் அவள் இல்லை. ஒவ்வொரு முறையும் "நான் எடுக்கிறேன் அப்பா, நீங்கள் நில்லுங்கள்" என்று கைப்பேசியை வாங்கியிருக்கிறாள். "உதவி செய்கிறாள் என்று நினைத்தேன்" என்றார்.

பக்கத்தில் இருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "சினிமாவில் வருவதுபோல, நான்கு நாள் ஒன்றாக இருந்தால் ஒட்டிக்கொள்வாள் என்று நம்பினேன்."

இந்த நம்பிக்கையை நமக்குள் விதைத்தவை நாம் ரசித்துப் பார்த்த கதைகள்தான். 2014இல் வந்த 'பிளெண்டட்' படத்தில் மனைவியை இழந்த ஒருவர் மூன்று மகள்களோடும், விவாகரத்தான ஒரு பெண் இரண்டு மகன்களோடும் தென்னாப்பிரிக்காவில் ஒரே விடுதியில் வந்து சேர்கிறார்கள். விடுமுறை முடிவதற்குள் பிள்ளைகளின் மனம் கரைந்துவிடுகிறது. 1969 முதல் 1974 வரை ஓடிய 'தி பிராடி பன்ச்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், மறுமணத்தால் இணைந்த ஒரு குடும்பம் ஹவாய்க்குப் போனபோது வந்த தொல்லை, கண்டெடுத்த ஒரு சிலையால் வந்தது. இரு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பதால் எழும் சிக்கல் எதுவும் அங்கே இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மற்றொரு வகைக் கதை. 1998இல் வந்த 'தி பேரன்ட் டிராப்' படத்தில் தந்தை மணக்கவிருக்கும் பெண்ணைக் காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். இரட்டைச் சிறுமிகள் அவள் பையில் கல்லைப் போடுகிறார்கள், தூங்கும்போது மெத்தையோடு ஏரியில் தள்ளிவிடுகிறார்கள். அவள் ஓட, பெற்றோர் மறுபடி சேர்கிறார்கள். இதே மூலக்கதைதான் 1965இல் நம் 'குழந்தையும் தெய்வமும்' ஆனது. பிரிந்த பெற்றோர் என்றாவது சேர்ந்துவிடுவார்கள் என்ற ஆசையை யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருக்கும் குழந்தைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த ஆசைக்கு இப்படிப்பட்ட கதைகள் தண்ணீர் ஊற்றுகின்றன. வரப்போகும் சித்தியை வில்லியாகவும் ஆக்கிவிடுகின்றன.

உண்மையில் சுற்றுலாதான் மிகக் கடினமான இடம். வீட்டில் தனி அறை, பள்ளி, டியூஷன் என்று ஒதுங்கிக்கொள்ள வழி உண்டு. விடுதி அறையில் அதற்கு இடம் ஏது? மேலும், தாயிடம் வளரும் குழந்தைக்கு நீதிமன்ற உத்தரவுப்படி கோடை விடுமுறையின் ஒரு பகுதியில்தான் பெரும்பாலும் தந்தை கிடைக்கிறார். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த அந்தச் சிறுமிக்கு அப்பாவின் பக்கத்து இருக்கைகூட மிஞ்சவில்லை. படத்தில் சிரித்துக்கொண்டு நின்றால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதாகிவிடுமோ என்ற பயம் வேறு. மூன்றாம் அமர்வில்தான் சொன்னாள்: "அப்பா ஸ்டேட்டஸ் வைப்பார், ஆன்ட்டி. அம்மா பார்ப்பாள்."

இத்தகைய குடும்பங்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்னோ, இவை நிலைகொள்ள ஆண்டுக்கணக்கில் ஆகும் என்கிறார். எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்து வைக்காமல் இருவர் இருவராக நேரம் செலவிடுவதும், கண்டிக்கும் பொறுப்பைப் பெற்றவரே வைத்துக்கொள்வதும் அவர் காட்டும் வழிகள். நானும் இவற்றையே சொல்கிறேன். கூடவே மூன்று: ஸ்டேட்டஸ் வைக்கும் முன் குழந்தையிடம் கேளுங்கள், தாயிடம் தனியாகப் பேச அவளுக்குத் தினமும் நேரம் கொடுங்கள், பேசியது என்ன என்று விசாரிக்காதீர்கள்.

இந்த ஆண்டு அவர்கள் ஏற்காடு போனார்கள். இரண்டாம் நாள் காலை தந்தையும் மகளும் மட்டும் தேநீர் குடிக்க வெளியே நடந்திருக்கிறார்கள். சித்தியும் சிறுவனும் விடுதியிலேயே இருந்தார்கள். மகள் இன்னும் சித்தியை எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.