ஏலகிரி இறக்கமும் பந்தயத் தடமும்: கனமான காருக்கு எந்த பிரேக் பேட்?

ஏலகிரியிலிருந்து பொன்னேரிக்கு இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலிருந்து அடிவாரம் வரை உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர். இரண்டு டன் எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 14 மெகாஜூல் ஆற்றலைக் கழித்தாக வேண்டும். ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்கின்றன. மீதி பிரேக்கில் வெப்பமாகிறது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தருகே எழும் கருகல் வாடை திருப்பத்தூர், வேலூர் பக்கத்து ஓட்டுநர்களுக்குத் தெரிந்ததே.

அதே காரை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவோம். வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. தூரம். சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ‘ட்ராக் டே’க்காக இங்கிருந்து போகிறவர்கள் உண்டு. மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 80க்குக் குறைக்க ஒருமுறை பிரேக்கை அழுத்தினால், இரண்டு டன் கார் கழிக்க வேண்டிய ஆற்றல் 2 மெகாஜூல். ஏழு தடவை அழுத்தினால் ஏலகிரியின் முழு இறக்கமும் கணக்கில் வந்துவிடுகிறது. 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில் இதற்கு இரண்டு சுற்றுகள் போதும். மலையில் அரை மணி நேரத்தில் பரவிய வெப்பம் இங்கே நான்கைந்து நிமிடங்களில் வந்து குவிகிறது. பிறகும் கார் நிற்காமல் ஓடுகிறது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், வேலையில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது பேட். அப்படியானால் ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 0.7 மெகாஜூல். டிஸ்க்கின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே அழுத்தலில் அதன் வெப்பநிலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். அடுத்த வளைவுக்குள் காற்று அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துச் செல்லும். சில சுற்றுகளில் டிஸ்க் 600 டிகிரியைத் தொடுவது இப்படித்தான். ‘கத்திரி வெயிலில் ஓட்டினேன், அதனால்தான் பிரேக் போயிற்று’ என்று சொல்வதைக் கேட்கிறோம். வேலூர் வெயில் கடுமையானதுதான். ஆனால் 600 டிகிரியில் கொதிக்கும் இரும்புக்கு, வெளிக்காற்று 28 டிகிரியா 42 டிகிரியா என்பது பெரிய வேறுபாடு இல்லை. எடையும் வேகமும்தான் காரணம். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். எடை கூடினால் அதே விகிதத்தில் கூடும். இன்றைய சக்திவாய்ந்த கார்கள் எடையில் ஏறிக்கொண்டே போகின்றன. பிஎம்டபிள்யூவின் புதிய எம்5 கார் 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது.

இந்த வெப்பத்தில் பேட் என்ன ஆகிறது? பேட் என்பது பல பொருள்களின் கலவை: உலோகத் துகள், நார், கிராஃபைட், தேய்ப்புப் பொடிகள், இவை அனைத்தையும் பிணைத்து வைக்கும் பினாலிக் ரெசின். அந்த ரெசின்தான் பலவீனமான இடம். சாலைக்கான பேட்டில் 300 முதல் 400 டிகிரிக்குள் அது சிதையத் தொடங்கி வாயுவை விடுகிறது. வாயுப் படலம் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நின்றுகொள்ள, உராய்வு சரிகிறது. பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் கார் வேகம் குறையாது.

பெடல் தரைவரை அமுங்கினால் அது வேறு நோய். பேட்டைத் தாண்டிய வெப்பம், பேட்டை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போய், ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் பெடல் கீழே போகிறது. ‘டாட் 4’ என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு விதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைகளைப் பார்த்த பழைய ஆயிலோடு தடத்துக்குப் போகக் கூடாது. பெடல் அமுங்கிய காருக்கு விலை உயர்ந்த பேட்டை மாட்டிவிட்டு, பழைய ஆயிலை அப்படியே விட்டால் அடுத்த முறையும் அதே கதைதான். 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை கொண்ட பந்தய ஆயிலை முதலில் ஊற்ற வேண்டும்.

இனி தேர்வு. கடையில் பலர் முதலில் கேட்பது, ‘நன்றாகக் கவ்வுமா?’ என்பது. கனமான காருக்கு அது இரண்டாவது கேள்விதான். பேட்டின் கவ்வும் திறனைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு கூடுதலாக இருந்தால் குறைந்த மிதிக்கே பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு மிதிக்க முடிகிறது என்றால், எல்லையை வகுப்பது டயர். அதற்கு மேல் கவ்வும் பேட்டால் நிற்கும் தூரம் குறையாது. முதலில் கேட்க வேண்டியது, எத்தனை டிகிரி வரை உராய்வு சரியாமல் இருக்கும் என்பதை.

பேட்டின் மீது அச்சிட்டிருக்கும் அமெரிக்க எழுத்துகளும் இதற்குப் பதில் தருவதில்லை. ‘எஃப்எஃப்’ என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை; ‘ஜிஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரண நிலைக்கு, இரண்டாவது சூடான நிலைக்கு. ஆனால் அந்தச் சோதனையின் ‘சூடு’ 343 டிகிரியோடு முடிகிறது. தடத்தில் அது தொடக்கம் மட்டுமே. தயாரிப்பாளர் தரும் வெப்பநிலை வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே வழி.

நம் காருக்குத் தேவையான வெப்பநிலையை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். டிஸ்க்கின் விளிம்பில் பூச வெப்பம் காட்டும் வண்ணங்கள் கிடைக்கின்றன. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560லும், சிவப்பு 610லும் நிறம் மாறும். சாதாரணப் பேட்டோடு நிதானமாகச் சில சுற்றுகள் ஓட்டிவிட்டுப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும். பச்சை மட்டும் மாறினால் நடுத்தரப் பேட் போதும். சிவப்பும் மாறியிருந்தால், 700 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தயப் பேட்டும் டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாயும் தேவை. அதிக வெப்பம் தாங்குவதே எப்போதும் மேல் என்றும் சொல்ல முடியாது. வேலூர் விஐடி மாணவர்கள் ‘பார்முலா ஸ்டூடண்ட்’ போட்டிக்குக் கட்டும் சிறு கார்கள் சில நூறு கிலோ எடைதான். அவற்றில் கடினமான பந்தயப் பேட்டை மாட்டினால், அது தன் வேலை வெப்பநிலையை எட்டவே திணறும்.

புதுப் பேட்டை மாட்டியதும் முழு வேகத்தில் பாயக் கூடாது. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருப்பதால் இந்தப் பக்கத்துக்கு நன்கு அறிமுகமான உலோகம். அதன் மீது பேட்டின் பொருள் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவது போலத்தான். நடுத்தர வேகத்திலிருந்து படிப்படியாகக் கூடும் அழுத்தத்தில், முழுக்க நிறுத்தாமல், பலமுறை பிடித்து, பிறகு ஆற விட வேண்டும். சூடான பேட்டை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்து நின்றால் படலம் அங்கே மட்டும் தடித்துவிடும். பின்னர் ஸ்டியரிங் நடுங்கும்போது ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, படலம்தான் சீரற்றுப் போயிருக்கும். அதனால்தான் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுவதும், நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுவதும்.

தேய்மானத்தில் கனமான கார் இரக்கம் காட்டாது. பேட் மெலியும்போது காலிப்பருக்கு வெப்பத் தடுப்பும் மெலிகிறது. பாதி தேய்ந்த பேட் சாலைக்கு நல்லதுதான், தடத்துக்கு முடிந்துபோன பேட்.

தடத்துக்கும் சாலைக்கும் ஒரே பேட் தேடுவதை நான் ஏற்பதில்லை. மாலையில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெடுநேரம் பிரேக் தொடாமல் வந்து, வாலாஜாபேட்டை சுங்கச்சாவடி வரிசையில் திடீரெனப் பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது பந்தயப் பேட் குளிர்ந்திருக்கும். முதல் தொடுகையில் அது தயங்கும், கீச்சிடும், டிஸ்க்கை அராவும். தடத்திலேயே ஜாக்கி போட்டு, ஆறிய பிறகு சாலைப் பேட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவது ஒரு மணி நேர வேலை. கழற்றும்போதே விளிம்பில் சாம்பல் வெளுப்பு, உதிர்வு, பிஸ்டன் ரப்பரில் கருகல், டிஸ்க்கில் மயிரிழை வெடிப்பு இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். பேட் மாறினால் படலமும் மாற வேண்டும் என்பதால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்வரை முன்வண்டிக்கும் நமக்கும் நடுவே இடைவெளியைத் தாராளமாக விட்டு, சில தடவை மிதமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.