1990 வரும், ஆனால் ஆஸ்பத்திரி மாற்றாது

போன மாரியில் ஒரு நாள், இரவு ஒரு மணி. எங்கள் திருகோணமலை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் நின்று ஒரு தாய் மூன்றாவது தடவையாக 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அடித்துக்கொண்டிருந்தார். மகனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது, வேன் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வேலைக்கு 1990 வராது என்பதை மட்டும் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

1990 சுவசெரிய 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அது வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ வயலிலிருந்தோ நோயாளியை ஏற்றி, கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரியில் விடும். அவ்வளவுதான். நீங்கள் விரும்பும் ஆஸ்பத்திரிக்கோ தனியார் ஆஸ்பத்திரிக்கோ போகாது. சிகிச்சை முடிந்து துண்டு வெட்டியவரை வீட்டுக்கும் கொண்டுவராது.

திரியாய், வெருகல் பக்கம் உள்ளே இருப்பவர்கள் வீட்டு இலக்கத்தைச் சொல்லிப் பயனில்லை. கோவில், பள்ளிவாசல், சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள். ஒருவரை டோர்ச்சோடு பிரதான வீதிக்கு அனுப்புங்கள். அழைத்த போனில் வேறு யாருடனும் கதைக்காதீர்கள். பொறுக்க முடியாமல் ஆட்டோவில் கிளம்பினால், கிளம்புகிறோம் என்று 1990க்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வீட்டுக்கு வந்து திரும்பும் வண்டி இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும்.

இனி மாற்றல். அரச ஆஸ்பத்திரி ஒன்று நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு. வேன் பிடிக்கச் சொன்னால் உடனே ஓடாதீர்கள். கடமையிலுள்ள டொக்டரிடம், அம்புலன்ஸ் எத்தனை மணிக்குத் திரும்பும், பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டீர்களா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வைத்திய அத்தியட்சகர், அதற்கும் மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். யாரிடம் எத்தனை மணிக்குக் கதைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

மிகப் பெரிய பொறி ஒரு கையெழுத்து. பதற்றத்தில் நீட்டும் தாளில், சொந்த விருப்பத்தில் கொண்டுபோகிறோம் என்று எழுதியிருக்கும். அதில் ஒப்பமிட்டால் பிறகு நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிடுவார்கள். வாசிக்காமல் கை வைக்காதீர்கள். மொழி விளங்காவிட்டால் தமிழில் சொல்லும்வரை பேனையைத் தொடாதீர்கள்.

ஹெலிகொப்டர் கேட்க முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1990இடம் ஹெலிகொப்டர் இல்லை. இருந்தாலும் மாரி இரவில் பறப்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை அவசர மருத்துவப் பறப்புகளில் 55 விபத்துகள், 54 பேர் இறந்தார்கள். இருட்டும் மோசமான வானிலையும் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள். பறப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும் பைலட்டிடம் நோயாளியின் நிலையைச் சொல்லாமலே விடும் சேவைகள் அங்கே பல உண்டு. உள்ளே குழந்தை என்று தெரிந்தால் மழையையும் மீறிக் கிளம்பத் தோன்றும் அல்லவா? 1990 வண்டியை ஓட்டுபவரையும் பைலட் என்றுதான் அழைக்கிறார்கள். அவரிடம் வேகமாகப் போங்கள் என்று கெஞ்சாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டும் வராதீர்கள்.

அநியாயம் நடந்திருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அன்றைய அம்புலன்ஸ் ஓட்டப் பதிவைக் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். சிகிச்சைப் பதிவையும் கேட்பதானால் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தைச் சேர்த்தே கொடுங்கள். அது இல்லை என்று சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள்.