முதலில் அந்த நீல வயரைப் பிடுங்குங்கள்

நான் மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். கீழமாசி வீதியில் வத்தலும் பருப்பும் மொத்தமாக விற்கும் ஒரு கடையிலிருந்து ஜூலை கடைசியில் ஒரு நாள் மாலை நாலரை மணிக்குப் போன் வந்தது. "தம்பி, டாலி திறக்க மாட்டேங்குது, ஃபைலுக்கெல்லாம் பேரு மாறிக் கிடக்கு" என்றார் கடைக்கார அண்ணாச்சி. டாலி என்பது கடைக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். பேர் மாறிக் கிடக்கிறது என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பின்னாடி ஒரு நீல வயர் இருக்கும், நெட் வயரு, முதல்ல அதைப் பிடுங்குங்க, வைஃபை பெட்டியையும் அமத்துங்க" என்று சொல்லிக்கொண்டே சிம்மக்கல்லிலிருந்து கிளம்பினேன். லோடு இறக்கும் நேரம், வண்டி உள்ளே போகாது, யானைக்கல் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தேன்.

போய்ப் பார்த்தால் மூன்று கம்ப்யூட்டரும் காலி. ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது, திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம், பிட்காயினில் பணம் கட்டினால்தான் சாவி தருவோம் என்று. இதற்குத்தான் ரான்சம்வேர் என்று பேர். கணக்குப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு போவதில்லை, உங்கள் மேஜையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது வருகிற சில கும்பல்கள் பூட்டுவதற்கு முன் ஒரு நகலும் எடுத்துக்கொள்கின்றன, அது தனிக் கொடுமை.

நடந்தது இதுதான். கணக்கு எழுதும் பெண்ணுக்குக் காலை பதினொரு மணிக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. வருமான வரிக் கணக்கில் வித்தியாசம், 24 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் அபராதம், விவரத்துக்கு இந்த லிங்க்கை அழுத்தவும். ரிட்டர்னுக்கு வழக்கமான கடைசி நாளான ஜூலை 31 நெருங்குகிற வாரம், ஆடிட்டர் ஆபீசிலிருந்தும் தினம் ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் சந்தேகம் வரவில்லை. லிங்க்கை அழுத்தியதும் ஒரு ஜிப் ஃபைல் இறங்கியது, உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு ஃபைல், இரண்டு தடவை தட்டினால் கறுப்பாக ஒரு பெட்டி தோன்றி மறைந்தது, வேறொன்றும் திறக்கவில்லை. ஃபைல் சரியில்லை போல என்று இன்னும் மூன்று தடவை தட்டியிருக்கிறார். மதியம் ஒரு மணிக்கெல்லாம் ஏதோ தப்பு நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அண்ணாச்சி திட்டுவார், சம்பளத்தில் பிடிப்பார் என்ற பயம். கம்ப்யூட்டரை அமத்திப் போட்டுப் பார்த்திருக்கிறார், சாமி கும்பிட்டிருக்கிறார். அந்த மூன்றரை மணி நேரத்தில் அது நீல வயர் வழியாகப் பக்கத்து இரண்டு கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது.

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த முதல் கிளிக்கை விட அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அதிகம் கெடுத்திருக்கிறது. வயர் ஏன் முக்கியம் என்பதற்கு 2017 மே 12ஆம் தேதி உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேரை நினைத்துக்கொள்ளுங்கள். அது பரவ யாரும் எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது என்பதுதான் கொடுமை. அப்டேட் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளுகிறவர்கள் நம்மில் பாதிப்பேர், என் கடையில் இருக்கிற பையனையும் சேர்த்து.

எல்லாக் கிளிக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூங்க மாட்டீர்கள். லிங்க்கை அழுத்தினீர்கள், ஒரு பக்கம் திறந்தது, எதையும் இறக்கவில்லை, எதையும் டைப் செய்யவில்லை, மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். பாஸ்வேர்டோ ஓடிபியோ போட்டுவிட்டீர்கள் என்றால் வேறொரு சுத்தமான போனிலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள், பேங்க் சம்பந்தப்பட்டது என்றால் பேங்க்குக்கும், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் போன் போடுங்கள். இறக்கியதைத் திறந்தே விட்டீர்கள் என்றால்தான் வயரைப் பிடுங்கும் கதை. சில வைரஸ் பூட்டெல்லாம் போடாது, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டை எல்லாம் சத்தமில்லாமல் வாரிக்கொண்டு போகும். அதனால் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்ட் மாற்றுவது திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே பூட்டு மாற்றுகிற வேலை.

லிங்க்கை எப்படிப் பார்ப்பது? கம்ப்யூட்டரில் அழுத்தாமல் மவுஸை அதன் மேல் கொண்டுபோனால் கீழே ஓரத்தில் உண்மையான முகவரி தெரியும், போனில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் தெரியும். முதல் இரட்டைச் சாய்கோட்டுக்குப் (//) பிறகு வருகிற ஒற்றைச் சாய்கோடு (/) வரை மட்டும் எடுத்துக்கொண்டு வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அந்த வலது ஓரம்தான் உண்மையான சொந்தக்காரன். அரசுத் தளம் என்றால் அங்கே 'கவ் டாட் இன்' இருக்கும். 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று முன்னால் அழகாகப் போட்டுவிட்டு, ஒரு புள்ளி வைத்து அதற்குப் பின்னால் வேறெதையோ ஒட்டியிருந்தால் அது அவன் கடை. மதுரையில் மீனாட்சி என்று பேர்ப்பலகை வைத்த கடை எத்தனை, எல்லாம் கோயில் கடையா? இன்னொன்று, வருமான வரி நோட்டீசில் 2019 அக்டோபரிலிருந்து டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், வருமான வரித் தளத்தை நீங்களே திறந்து, லாகின் செய்யாமலே அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸ் உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

ஃபைல் பேரின் வாலை விண்டோஸ் தானாகவே மறைத்து வைக்கிறது. பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ என்பது வெறும் பில் டாட் பிடிஎஃப் என்றுதான் கண்ணுக்குத் தெரியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது படிக்கிற ஃபைல் இல்லை, தட்டியதும் ஓடுகிற புரோகிராம். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூவுக்குள் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை.

சரி, கடைக்கு வருகிறேன். பேக்கப், அதாவது ஃபைல்களின் மாற்று நகல், இருந்தது. வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்கில் தினம் தானாக எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அது எந்நேரமும் மாட்டியபடியே இருந்தது, அதனால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. அப்படி மாட்டி வைத்துவிட்டு வந்தது நான்தான். திட்டு வாங்க வேண்டியது அந்தப் பெண் இல்லை என்று அண்ணாச்சியிடம் அங்கேயே சொன்னேன்.

பணம் கட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், கட்டியும் சாவி வராதவர்களைப் பார்த்திருக்கிறேன். 1930இல் சொல்லிவிட்டு, பூட்டிய ஃபைல்களை அப்படியே தனி டிஸ்கில் எடுத்து வைத்த பிறகுதான் ஃபார்மேட் அடித்தேன், அதாவது கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்தேன். பலர் அவசரத்தில் முதலிலேயே ஃபார்மேட் அடித்துவிடுகிறார்கள். நெதர்லாந்து போலீசும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சில ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. எங்களுக்கு வந்த வகைக்கு இல்லை, ஆனால் பின்னால் வரலாம். கடைசியில் காப்பாற்றியது ஆடிட்டர் ஆபீஸ் பென்டிரைவில் கிடந்த ஒன்றரை மாதப் பழைய டாலி பேக்கப். அதற்குப் பிந்தைய ஜிஎஸ்டி பில்களில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்ததை ஜிஎஸ்டி தளத்திலிருந்து எடுத்தோம், மீதியை பில் புக்கைப் பார்த்துக் கையால் ஏற்றினோம். ஒன்பது நாள்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று கடையில், ஒன்று அண்ணாச்சி வீட்டு பீரோவில், சனிக்கிழமை தோறும் மாற்றிக்கொள்வார். கழற்றி வைத்த டிஸ்க்தான் பேக்கப்.

போன மாதம் ஒரு மெயிலைத் திறந்துவிட்டுப் பயந்து அந்தப் பெண் மூன்று வயரையும் பிடுங்கிவிட்டார். நான் போய்ப் பார்த்தால் அது ஆடிட்டர் அனுப்பிய அசல் பிடிஎஃப். ஒரு மணி நேரம் பில் போட முடியவில்லை, வாசலில் உசிலம்பட்டி வியாபாரிகள் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எதுவும் சொல்லாமல் கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய பில் புக்கை எடுத்துக் கார்பன் தாளைச் செருகிக்கொண்டிருந்தார்.