ஆராய்ச்சி பேப்பர் பூட்டிக் கிடந்தா சேர்வராயன் மலைக்கு எப்படிங்க வந்து சேரும்?

சேர்வராயன் மலை அடிவாரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல நான் மெடிக்கல் ஆபீசரா சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகல அப்ப. ஐப்பசி மழை பெஞ்சு விட்ட ஒரு சாயங்காலம், குச்சிக்கிழங்குக் காட்டுல களை வெட்டிட்டு இருந்த ஒரு அக்காவை பைக்ல நடுவுல உக்கார வச்சு கொண்டு வந்தாங்க. கணுக்கால்ல பல்லு பதிஞ்ச தடம், கால் பாக்கப் பாக்க வீங்கிட்டே வருது. ரத்தம் எடுத்து கண்ணாடி டியூப்ல ஊத்தி ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வச்சு சாய்ச்சுப் பாத்தா தண்ணி மாதிரி ஓடுது, உறையவே இல்ல. ரத்தத்தை உறைய விடாத விரியன் வகைக் கடிதான். ஆன்டிவெனம், அதாவது பாம்பு விஷமுறிவு மருந்து, ஏத்தறதுக்கு முன்னாடி, நாங்க படிக்கறப்ப வார்டுல பாத்துப் பழகின மாதிரியே அலர்ஜி வராம இருக்க ஹைட்ரோகார்டிசோனும் அவிலும் போட்டுட்டு டிரிப்பை மாட்டினோம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், உடம்பு பூரா தடிப்பு, மூச்சு இழுக்குது, பிபி மளமளன்னு இறங்குது. உடனே அட்ரினலின் போட்டு, டிரிப்பை நிறுத்தி, ஆக்சிஜன் குடுத்து, கொஞ்சம் தெளிஞ்சதும் மறுபடி மெதுவா ஏத்தி, 108ல சேலம் ஜிஹெச்சுக்கு அனுப்பி வச்சோம். அந்த அக்கா பொழச்சுக்கிட்டாங்க, பொங்கல் சமயத்துல ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க.

ஆனா அன்னைக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரலைங்க. மருந்துக்கே இப்படி ரியாக்‌ஷன் வருமே, அதுக்குத்தானே முன்கூட்டியே அந்த ரெண்டு ஊசி போட்டோம், ஏன் தடுக்கல? குவார்ட்டர்ஸ் வாசல்ல உக்காந்து, சிக்னல் வந்து வந்து போற போன்ல தேடிட்டே இருந்தேன். அப்ப கிடைச்சதுதான் இலங்கைல நடந்த ஒரு டிரையல். 2011ல பிளாஸ் மெடிசின்ங்கிற ஜர்னல்ல வந்தது. பாம்பு கடிச்சு வந்த 1007 பேரை வச்சு, ஆன்டிவெனத்துக்கு முன்னாடி எந்த மருந்து போட்டா ரியாக்‌ஷன் குறையுதுன்னு முறையா சோதிச்சுப் பாத்திருக்காங்க. தோலுக்கடில குறைஞ்ச டோஸ் அட்ரினலின் போட்டவங்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துல கடுமையான ரியாக்‌ஷன் 43 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஹைட்ரோகார்டிசோனாலயோ, அவில் மாதிரியே அலர்ஜி மருந்தான புரோமெத்தசினாலயோ பெருசா பிரயோஜனம் தெரியல. அதை விட முக்கியம், அட்ரினலினோட ஹைட்ரோகார்டிசோனையும் சேத்துப் போட்டா அட்ரினலினால வர்ற நன்மையே அடிபட்டுப் போகுதுன்னு எழுதியிருந்தாங்க. அவங்க அங்க ஏத்தினது இந்தியாவுல தயாரான ஆன்டிவெனம்தான். அதாவது எங்க ஃபிரிட்ஜுல இருந்த அதே வகை மருந்து.

இதை நான் முழுசா படிக்க முடிஞ்சது ஒரே காரணத்தாலதான். அந்த ஜர்னல் ஓப்பன் ஆக்ஸஸ். யாரு வேணும்னாலும், எங்க இருந்து வேணும்னாலும், காசு கட்டாம, லாகின் இல்லாம முழு பேப்பரையும் எடுத்துக்கலாம். சுருக்கம் மட்டும் போதாதான்னு சிலர் கேப்பாங்க. போதாதுங்க. எவ்வளவு டோஸ், எந்த இடத்துல போட்டாங்க, கர்ப்பிணிகளை சேத்தாங்களா, இதய நோய் இருக்கறவங்களை என்ன பண்ணாங்க, போட்டதால யாருக்காச்சும் கெடுதல் வந்துச்சா, இதெல்லாம் உள்ளதான் இருக்கும். பத்து வரி சுருக்கத்தைப் படிச்சுட்டு ஒரு டாக்டர் மனுஷ உடம்புல ஊசி போடக் கூடாது, ஒரு அதிகாரி மாவட்டம் பூராவுக்கும் உத்தரவு போடவும் கூடாது. (இதைப் படிக்கிற யாரும் இதை வச்சு தானா வைத்தியம் பண்ணிடாதீங்க, பாம்பு கடிச்சா கட்டுப் போடாம, கீறாம, கடிச்ச காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, அவ்வளவுதான்.)

அந்தப் பேப்பரை பிரிண்ட் எடுத்துட்டு ரிவ்யூ மீட்டிங்குக்குப் போனேன். எப்பவும் எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி, டார்கெட் எவ்வளவுன்னு போற மீட்டிங். கடைசில அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கி, பேப்பர்ல இருந்த அட்டவணையைக் காட்டி விளக்கினேன். ஒரு சீனியர் சார் கண்ணாடியைப் போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சார், அப்புறம் மெடிசின் டிபார்ட்மெண்ட்ல விசாரிச்சுட்டு, சரிம்மா எழுத்துல போட்டு எமர்ஜென்சி டிரேல ஒட்டிடுங்கன்னார். அட்ரினலின் ஆம்பூல் என்ன விலைங்க, சில ரூபா. புது பில்டிங் வேணாம், புது போஸ்டிங் வேணாம், பக்கத்து நாட்டுல யாரோ கஷ்டப்பட்டு கண்டுபிடிச்சதை இங்க ஒரு டாக்டர் படிக்க முடிஞ்சா போதும். கொள்கை கொள்கைன்னு பெருசா பேசறோமே, அது கடைசில இந்த டிரேல ஒட்டற தாளா வந்து நின்னாதான் அர்த்தம்.

இதுக்கு நேர் எதிரா நடந்ததையும் சொல்லணும். கொஞ்ச வருஷம் கழிச்சு, நம்ம பக்கத்து பேஷண்டுகளையே வச்சு பாம்புக்கடி பத்தி எழுதின ஒரு பேப்பரோட தலைப்பு கண்ணுல பட்டுச்சு. எந்தப் பாம்பு, எந்த மாசம், எவ்வளவு லேட்டா வந்தாங்க, ஆஸ்பத்திரிக்கு முன்னாடி எங்க போனாங்க, எனக்கு வேண்டியது அத்தனையும் அதுக்குள்ள இருக்கும். திறந்தா முப்பது டாலருக்கு மேல கேக்குது. அந்த ஆராய்ச்சிக்கு சம்மதப் படிவத்துல கைநாட்டு வச்சவங்க யாரு? நம்ம காட்டுல மம்பட்டி பிடிக்கிறவங்க. ரத்தம் அவங்களோடது, ஆஸ்பத்திரி நம்ம வரிப்பணம், எழுதினவரோட சம்பளமும் நம்ம வரிப்பணம், ஆனா முடிவைப் படிக்கணும்னா எங்கயோ இருக்கற ஒரு பதிப்பகத்துக்கு டாலர் கட்டணும். எனக்கு இது இன்னிக்கு வரைக்கும் ஆறாத வருத்தம். எழுதினவருக்கு மெயில் போட்டேன், அவர் மறுநாளே அன்பா பிடிஎஃப் அனுப்பி வச்சார். பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் கேட்டா குடுத்துடுவாங்க, இதை நிறைய பேர் தெரிஞ்சு வச்சுக்கணும். ஆனா ஒரு மாவட்டத்தோட முடிவுகள் ஒருத்தரோட நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது இல்லைங்களா.

எண்ணிக்கை விஷயத்துக்கு வரேன், ஏன்னா திறந்து கிடக்கற ஆராய்ச்சி அரசாங்கத்தை எப்படி அசைக்கும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. ரொம்ப நாளா இந்தியாவுல பாம்புக்கடிச் சாவுன்னா ஆஸ்பத்திரி கணக்குதான். ஆஸ்பத்திரிக்கு வராம வீட்டுலயே, வழியிலயே, மந்திரிக்கிற இடத்துலயே போனவங்க எந்த ரெஜிஸ்டர்லயும் வரமாட்டாங்க. மில்லியன் டெத் ஸ்டடின்னு ஒரு பெரிய ஆய்வு, வீடு வீடாப் போய் செத்தவங்க எப்படி செத்தாங்கன்னு குடும்பத்துகிட்ட கேட்டு எழுதுவாங்க. அதை வச்சு 2011ல வந்த பேப்பர், 2005ல மட்டும் சுமார் 45,900 பேர் பாம்புக்கடியால செத்திருக்காங்கன்னு சொல்லிச்சு, ஆஸ்பத்திரிகள் காட்டின கணக்கைப் போல 30 மடங்குக்கும் மேல. 2020ல ஈலைஃப் ஜர்னல்ல அடுத்தது வந்துச்சு: 2000ல இருந்து 2019 வரைக்கும் 12 லட்சம் சாவு, வருஷத்துக்கு சராசரியா 58,000. அதுல கால்வாசிக்கும் மேல 15 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. ரெண்டு பேப்பருமே ஓப்பன் ஆக்ஸஸ். பத்திரிகைக்காரங்க படிச்சாங்க, தன்னார்வ அமைப்புகள் படிச்சாங்க, எங்கள மாதிரி ஆரம்ப சுகாதார நிலைய (பிஹெச்சி) டாக்டர்களும் படிச்சோம். இந்த ரெண்டாவது பேப்பருக்கு முன்னாடியே, 2017ல உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியை புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேத்துச்சு. 2024 மார்ச்ல மத்திய அரசு இதுக்குன்னே தேசிய செயல்திட்டம் வெளியிட்டுது, 2030க்குள்ள சாவைப் பாதியாக்கணும்னு இலக்கு. அதே வருஷம் நவம்பர்ல தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்னு ஆக்கிடுச்சு, அரசு ஆஸ்பத்திரியோ பிரைவேட்டோ கேஸ் வந்தா ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். ஒரு பேப்பராலயே எல்லாம் நடந்துச்சுன்னு நான் சொல்லல, எத்தனையோ பேரோட உழைப்பு. ஆனா எல்லாரும் ஒரே நம்பரைக் கையில வச்சு பேச முடிஞ்சதுக்குக் காரணம் அது பூட்டாம இருந்ததுதான்.

இந்த நம்பர் எங்க மட்டத்துல என்ன பண்ணும்னா, எத்தனை மருந்துக் குப்பி வேணும்னு இண்டென்ட் போடறதுல இருந்து ஆரம்பிக்கும். போன வருஷம் எத்தனை கேஸ்னு பாத்துதான் எவ்வளவு ஆன்டிவெனம் ஸ்டாக் வைக்கறதுன்னு முடிவாகும். கேஸ் பதிவாகலைன்னா மருந்து கம்மியா வரும், மருந்து இல்லைன்னா இங்க போயி என்னத்துக்குன்னு ஜனங்க வரமாட்டாங்க, வரலைன்னா மறுபடியும் கேஸ் பதிவாகாது. மலை மேல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற ஒருத்தருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெருசுன்னு கீழ உக்காந்து ஃபைல் பாக்கறவங்களுக்குத் தெரியணும்னா, எழுதி வச்ச ஆதாரம்தான் பேசணும்.

ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டற ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் வந்துடுச்சே, இனி என்ன கவலைன்னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல திட்டம்தான், நான் மறுக்கல. 2025, 26, 27 மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, 30 பதிப்பகங்களோட சுமார் 13,000 ஜர்னல், அரசு உயர்கல்வி நிறுவனங்கள்லயும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள்லயும் இருக்கற 1.8 கோடி பேருக்கு. கருப்பூர்ல பெரியார் யுனிவர்சிட்டி மாதிரி இடத்துல படிக்கிற பசங்களுக்காகத்தான் இது வந்திருக்கு, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா அதே ரோட்டுல தாண்டிப் போற பிஹெச்சி டாக்டர் அதுல இல்ல. ஹெல்த் இன்ஸ்பெக்டர் இல்ல, பிடிஓ ஆபீஸ் இல்ல, பஞ்சாயத்து இல்ல, நிருபர் இல்ல. முடிவெடுக்கற ஆளுங்களும் முடிவைக் கேள்வி கேக்கற ஆளுங்களும் வெளியவே நிக்கறாங்க. வாடகை வீடு மாதிரிதான் சந்தா, கட்டற வரைக்கும்தான் உள்ள இருக்கலாம். பயோடெக்னாலஜி துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014லயே ஒரு கொள்கை போட்டாங்க, எங்க பணத்துல நடக்கற ஆராய்ச்சியோட பிரதியை யாரும் ஆன்லைன்ல படிக்கற பொதுக் களஞ்சியத்துல போட்டுடணும்னு. அதை ஒழுங்கா, மாநில அரசு பணத்துல நடக்கற ஆராய்ச்சிக்கும் சேத்து செஞ்சாலே பாதிப் பூட்டு திறந்துடும்.

ஓப்பன் ஆக்ஸஸ்லயும் குறை இருக்கு, ஒளிக்க வேண்டியதில்ல. படிக்கறவங்க காசு கட்டாத இடத்துல பல ஜர்னல்கள் எழுதறவங்ககிட்ட ஆயிரக்கணக்கான டாலர் கேக்குது, நம்ம மெடிக்கல் காலேஜ் பிஜி எங்க போவார்? காசு வாங்கிட்டு எதையும் சரிபாக்காம போடற போலி ஜர்னல்களும் இருக்கு. அதனால இலவசமா கிடைச்சுதுன்னு எதையும் அப்படியே நம்பிடாம, பப்மெட் சென்ட்ரல் (மருத்துவப் பேப்பர்களை இலவசமா சேத்து வைக்கற தளம்), கொக்ரேன் (பல ஆய்வுகளை ஒண்ணா அலசி எழுதற அமைப்பு) மாதிரி இடத்துல இருந்து தொடங்கறது நல்லது.

இன்னொரு பூட்டு மொழி. 2023 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. நான் அந்த 58,000 கணக்கைச் சொன்னதும் ஒரு பெரியவர் எந்திரிச்சு, "ஏனுங்க டாக்டரம்மா, இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க? எங்களுக்கும் ஒண்ணு குடுத்தா படிச்சுப் பாத்துக்குவோமில்ல?"ன்னு கேட்டார். என்கிட்ட இருந்தது இங்கிலீஷ் பேப்பர். இலவசம்தான், ஆனா அவருக்கு அதுவும் பூட்டுதான். கொக்ரேன்காரங்க அவங்க ஆய்வுச் சுருக்கங்கள்ல கொஞ்சத்தை தமிழ்லயும் போட்டிருக்காங்க, அந்த வேலை எவ்வளவு பெருசுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அந்த வாரமே நானும் எங்க ஸ்டாஃப் நர்ஸும் உக்காந்து ஒரு பக்கத் தாள் எழுதினோம். மழைக்காலத்துல கடி ஏன் அதிகம், ராத்திரி வெறுந்தரைல படுத்தா கட்டுவிரியன் கடிக்கறது ஏன் வலியே தெரியாம போகுது, கொசுவலை எப்படி உதவுது, எந்த நேரத்துக்குள்ள வரணும். அந்தத் தாளைக் கையில வச்சுத்தான் பஞ்சாயத்துல தெருவிளக்குக்கு மனு குடுத்தாங்க, களத்துமேட்டுப் பாதைக்கு மூணு லைட்டு வந்துச்சு.

இப்ப நான் கேக்கறது ரெண்டே விஷயம். நம்ம மாவட்டத்துல ஆராய்ச்சி பண்றவங்க, ஜர்னல் ஏத்துக்கிட்ட உங்க பிரதியை காலேஜ் களஞ்சியத்துல போடுங்க, நிறைய ஜர்னல்கள் அதை அனுமதிக்குது, கூடவே தமிழ்ல அரைப்பக்கம் எழுதி அந்தப் பேஷண்டுகள் வந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்புங்க. அப்புறம் அரசுக்கு: 2024 நவம்பர்ல இருந்து நாங்க ரிப்போர்ட் பண்ற ஒவ்வொரு பாம்புக்கடியையும் பேர் விவரம் இல்லாம, பிளாக் வாரியா, மாச வாரியா பொதுவுல போடுங்க. நாங்க மேல அனுப்பற நம்பர் எங்களுக்கே திரும்பி வரணும். எங்க பிளாக்ல எந்தக் கிராமத்துல இருந்து லேட்டா வர்றாங்கன்னு தெரிஞ்சா, ஆடி மாசத்துக்கு முன்னாடியே அந்த ஊருக்குப் போயிடுவேன்.